நான் நிறுத்தினேன், அத்தை நின்றாள்

அந்த வீடியோவை எடுத்தது என் சிநேகிதன். அதை வெட்டி, சத்தம் சேர்த்து, ஊரே பார்க்கும்படி ஆக்கியது நான். இரண்டு வருஷமாக யார் கேட்டாலும், "அவன்தான் போட்டான், எனக்கு ஒன்றும் தெரியாது" என்றே சொல்லி வந்திருக்கிறேன். அவனும் நல்லவன், மறுத்துப் பேசவில்லை. எழுதும்போதும் அதே பொய்யைச் சொல்வதென்றால் எழுதாமலே இருந்துவிடலாம். அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

எனக்குத் தொழில் ரப்பர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறேன். சூடான அச்சுக்குள் ரப்பர் துண்டை வைப்பது, மூடுவது, வெந்ததும் எடுப்பது. எட்டு மணி நேரமும் இதுதான். லீவு நாட்களில் நான் டிஜே. இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லும்போது ஒரு காலத்தில் என் குரல் தானாக உயரும். இப்போது யாராவது கேட்டால்தான் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ. படித்தது திருவள்ளூரில். எங்கள் ஊர் புதுவாயலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பக்கத்தில் நின்று இரும்பு ராவியவன் கடம்பத்தூர்க்காரன், ரயிலில் வருகிறவன். மேலே சொன்ன சிநேகிதன் அவன்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் செருகினான். அதுதான் நான் கேட்ட முதல் இ.டி.எம்., கம்ப்யூட்டரில் செய்கிற ஆட்டப் பாட்டு.

அதில் வார்த்தை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று ஏறி, உச்சியில் சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் இயர்போன் கழன்றுவிட்டது என்று நினைத்துக் கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் மொத்தமாக விழுந்தது. ஏறுவதற்கு பில்ட்-அப் என்று பேர், விழுவதற்கு டிராப் என்று பேர் என்பதெல்லாம் அவன் அப்புறம் சொல்லிக் கொடுத்தான். நான் மயங்கியது இரண்டிலும் இல்லை. நடுவில் இருந்த அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான்.

பிறகு வீடியோக்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு மைதானம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை தலைகள், மேடையில் ஒரே ஒரு ஆள். அவன் கையைத் தூக்கினால் அத்தனை பேரும் நிற்கிறார்கள். இறக்கினால் அத்தனை பேரும் குதிக்கிறார்கள். எங்கள் வம்சத்தில் யாரும் கையைத் தூக்கி எதையும் நிறுத்தியதில்லை. நாங்கள் கை காட்டினால் பாதி நாள் பஸ்கூட நிற்காது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒற்றைக் கையைத் தூக்கிப் பழகினேன். இருபது வயதுக் கழுதை செய்கிற காரியமா அது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது மிகவும் முக்கியமான காரியமாகத்தான் தெரிந்தது.

சம்பளம் வர ஆரம்பித்ததும் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினேன். பாட்டுச் செய்யும் மென்பொருளை சிநேகிதன் ஏற்றிக் கொடுத்தான். நாலு நாலாக எண்ணும் பழக்கம் பிரஸ் மெஷினால் எனக்கு ஏற்கெனவே இருந்தது. கொஞ்ச நாளில் விசேஷங்களுக்குப் போகத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்தில் டிஜே என்றால் ஆள் இல்லை, பொட்டி. "டிஜே எத்தினி பொட்டி வரும்?" என்றுதான் கேட்பார்கள். எட்டு ஸ்பீக்கர் வந்தால் பெரிய டிஜே, நாலு வந்தால் சின்ன டிஜே. அதன் பின்னால் மனுஷன் ஒருத்தன் உட்கார்ந்திருப்பதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. நிச்சயதார்த்தம், மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கூட்டுரோட்டில் செல்போன் கடைத் திறப்பு, சாவு என்று எல்லாவற்றுக்கும் அதே டங்கு டங்குதான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் சீட்டுக்கு அடியில் பேஸ் என்கிற கனத்த சத்தம் அதிர்கிறது. என் அப்பா போன் அடிக்கும் சத்தத்தில்கூட ஒரு டிராப் இருக்கிறது. அவருக்கு அது என்னவென்றே தெரியாது.

சென்னையில் கடற்கரையோர ரிசார்ட் ஒன்றில் ஒருமுறை டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே விடுவதற்கு முன் என் செருப்பை இரண்டு தரம் பார்த்தார்கள். உள்ளே போனால், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, தங்களை மறந்து நிற்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஆடினால் வேப்பிலையோடு ஓடி வந்து தாங்கிப் பிடிப்பார்கள் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு விட்டிருந்தால் தேவலை. வெளியே வரும்போது மனதில் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் கோயிலில் அடிக்கும் பம்பைச் சத்தத்தை வைத்து ஒரு டிராக் செய்ய வேண்டும். இவர்களுக்கே அதை ஒருநாள் போட்டுக் காட்ட வேண்டும்.

இனி அத்தையைப் பற்றி. அப்பாவுக்கு அக்கா. ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை, பெண்ணை ஊத்துக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் ஊர்க்காரர்களின் நெல் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அத்தையும் நாற்று நட்டவள்தான். இப்போது நான் இருக்கும் அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட். நான் பெர்மனென்ட். கம்பெனிக்குள் அவளை நான் அத்தை என்று கூப்பிட்டதில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லத்தான் ஆசை. அவள் துடைத்துக்கொண்டிருக்கும் பக்கம் போகாமல் வேறு வழியாகச் சுற்றிப் போவேன்.

வருஷம் முழுக்க அவளுக்குப் பேர், "ஏம்மா, இங்க தொடை." ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது மாறும். எங்கள் காலனி அம்மன் கோயிலுக்கு அன்றைக்குக் கூழ் ஊற்றுவோம். அதற்கு முன் காலையில் குளக்கரையில் கரகம் ஜோடித்து ஊர்வலமாகக் கொண்டுவர வேண்டும். யார் மேலாவது ஆத்தா வந்து உத்தரவு கொடுத்தால்தான் பூசாரி கரகத்தைத் தூக்குவார். அந்த 'யார் மேலாவது' இருபத்தாறு வருஷமாக எங்கள் அத்தைதான். பத்து நாளுக்கு முன்பே காப்புக் கட்டிக்கொள்வாள். ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை. கம்பெனிக்கும் மஞ்சள் கட்டிய கயிற்றோடுதான் வருவாள். பம்பைக்காரர்கள் அம்மனை வர்ணித்துப் பாடிப் பாடிக் கூப்பிட, அவள் மேல் ஆத்தா இறங்கும். அப்புறம் வழிநெடுக வாசலுக்கு வாசல் அவள் காலில் தண்ணீர் ஊற்றி வாக்குக் கேட்பார்கள். ஊர்ப் பெரிய வீட்டம்மாவே அன்று கைகட்டி நிற்பார். மறுநாள் அத்தைக்கு ஒன்றும் நினைவிருக்காது. என்ன சொன்னேன், யாருக்குச் சொன்னேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

வீடியோ எடுத்த அந்த வருஷம் ஊர்வலத்துக்கு என் டிஜே செட்டும் உண்டு. குட்டியானை வண்டியில் ஆறு பொட்டி, நடுவில் ஸ்டூல் போட்டு நான். பம்பைக்காரர்கள் முன்னால் போக வேண்டும், கோயிலுக்கு வந்த பிறகுதான் நான் போட வேண்டும் என்று பேச்சு. ஆனால் ஆடி ஞாயிறு அவர்களுக்கு ஓய்வே இல்லாத நாள். குளக்கரையில் கரகம் தயாராகி ஒரு மணி நேரம் ஆயிற்று, ஆளைக் காணோம். பூசாரி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"இன்னும் ஊத்துக்கோட்டையே தாண்டலயாம். மூணு ஊருக்கு ஒத்துக்கினு இப்ப நம்ம கயுத்த அறுக்குறான்."

"வெயில் ஏறிக்கினு போவுது," என்றார் என் அப்பா. "பொம்பளைங்க காலைலருந்து வெறும் வயித்துல நிக்குதுங்க."

"டிஜே இருக்குதே. எதனா போடச் சொல்லு," என்று யாரோ கூட்டத்திலிருந்து சொன்னார்கள்.

என்னிடம் 'எதனா' இல்லை, பம்பையே இருந்தது. முந்தின வருஷம் அதே குளக்கரையில் போனில் பிடித்து வைத்த சத்தம். அதைத் துண்டு துண்டாக வெட்டி, அடியில் பேஸ் போட்டு, பில்ட்-அப், டிராப் எல்லாம் வைத்து மூன்று மாசமாகச் செய்திருந்த டிராக். பூசாரியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். போட்டேன்.

அத்தை ஈர மஞ்சள் புடவையில் கரகத்துக்கு எதிரே நின்றிருந்தாள். வண்டி மேலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் பம்பை மட்டும். அவள் கால் பெருவிரல் மண்ணைக் கிளற ஆரம்பித்தது. அடியில் பேஸைச் சேர்த்தேன். தோள் குலுங்கியது. சத்தம் ஏற ஏற அவள் மூச்சும் ஏறியது. டிராப் விழுந்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி கண்ணை மூடி அவள் முன் கரகத்தை நீட்டி உத்தரவு வாங்கித் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். காலனியே திரும்பி என்னைப் பார்த்தது. அப்பா பார்த்தார். பம்பைக்காரர் இல்லாமல், என் பாட்டுக்கு ஆத்தா வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நிமிஷம் எனக்கு உண்மையிலேயே பக்தி இருந்தது என்று நினைக்கிறேன். இருந்தும் அடுத்ததைச் செய்தேனே என்பதுதான் தாங்கவில்லை.

தண்ணீர் டாங்க் பக்கத்தில் ஊர்வலம் நின்றது. பெரிய வீட்டம்மா சொம்பில் தண்ணீரோடு காத்திருந்தார். மகனுக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போகிறது, அதைக் கேட்க வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அத்தை ஆடிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். டிராக்கில் அப்போது இரண்டாவது பில்ட்-அப் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது. என் வலது கை தானாக மேலே போனது. இடது கையால் சத்தத்தை மொத்தமாக இறக்கினேன்.

அத்தை நின்றாள். ஒரு குதிகால் தரையிலிருந்து எழும்பியபடி, ஒரு கை மேலே, வாய் பாதி திறந்தபடி, அப்படியே நின்றாள். கூட்டம் மூச்சுவிடவில்லை. நான் மனதில் நாலு எண்ணிவிட்டுச் சத்தத்தை ஏற்றினேன். அத்தை எகிறிக் குதித்தாள். பையன்கள் ஓவென்று கத்தினார்கள். அந்தக் கத்தல் ஆத்தாவுக்கு இல்லை, எனக்கு. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, இனித்தது.

அதனால் மறுபடியும் நிறுத்தினேன். அத்தை நின்றாள். ஏற்றினேன், ஆடினாள். மூன்றாவது தடவை எட்டுவரை எண்ணினேன். ஆறாவது எண்ணிக்கையில் அவள் கண் லேசாகத் திறந்தது. பஸ்ஸில் தூங்கி எழுந்து எந்த ஸ்டாப் என்று தெரியாதவள் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கூட்டம் சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சத்தத்தை ஏற்றினேன்.

அதற்குப் பிறகு அத்தை அதிக நேரம் ஆடவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பெரிய வீட்டம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சொம்புத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பம்பைக்காரர்கள் அப்புறம் வந்தார்கள், ஊர்வலம் கோயிலுக்குப் போனது, கூழ் ஊற்றினோம். சிநேகிதன் என் அழைப்பில் அன்று ஊருக்கு வந்திருந்தான். குட்டியானையில் ஏறிப் போனை நீட்டினான்.

"மச்சி, மூணு தபாவும் புடிச்சுட்டேன்டா. முகம் நல்லா வுழுந்திருக்குது."

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, அதை லேப்டாப்பில் ஏற்றி உட்கார்ந்தேன். போனில் பதிவான சத்தம் இரைச்சலாக இருந்தது. அதை எடுத்துவிட்டு என் டிராக்கைச் சுத்தமாகச் சேர்த்தேன். கூட்டத்தின் சிரிப்பும் கத்தலும், நடுவில் கேட்ட என் சிரிப்பும் மட்டும் இருக்கட்டும், உயிரோட்டமாக இருக்கும் என்று விட்டேன். அத்தையின் குதிகால் எந்த நொடியில் தரையில் படுகிறதோ அந்த நொடியில் டிராப் விழ வேண்டும். அதற்காக அவள் முகத்தை முன்னும் பின்னும் ஓட்டினேன். இருபது தடவை இருக்கும், முப்பதும் இருக்கலாம். அம்மா வந்து, "இன்னாடா இது, அத்தையயே பாத்துக்கினுகீற?" என்று கேட்டாள். வேலை என்றேன். மேலே எழுதிய வாசகமும் என்னுடையதே: 'ஆத்தா வெயிட்டிங் ஃபார் டிராப்.' சிநேகிதனின் கணக்கில் போட்டோம். கீழே என் டிஜே பேர்.

நான் பீரோக் கண்ணாடி முன் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. ஒரே வாரத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் என் டிராக்குக்கு நின்று நின்று ஆடினார்கள். கல்லூரி வராந்தாவில் பையன்கள், ஆபீஸ் மேஜைகளுக்கு நடுவே பெண்கள், மேடையில் ஒரு மணப்பெண். எல்லாரும் அந்த மௌனத்தில் ஒரு குதிகாலைத் தூக்கி, ஒரு கையைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து நின்றார்கள். அத்தை நின்ற மாதிரியே. மூன்று ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள். "எத்தினி பொட்டி" என்று கேட்காமல், "அந்த டிஜே தானா வருவாரு?" என்று கேட்டார்கள். நான் அந்த வாரம் முழுக்க சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

இரண்டாவது வாரம் கேன்டீனில் நாஷ்டா நேரம். அத்தை பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் செக்‌ஷன் ஆள் ஒருத்தன் போனில் என் டிராக்கைப் போட்டு மேஜைமேல் வைத்தான். சத்தம் ஏறியது. சுற்றி இருந்தவர்கள் தட்டில் கை வைத்தபடி அவளையே பார்த்தார்கள். பாட்டு நின்றது. எல்லாரும் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று புரியாமல் அத்தையும் துணியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். டிராப் விழுந்ததும் கேன்டீனே வெடித்துச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள். பல் தெரிய, கொஞ்சம் கூச்சத்தோடு, நம்மையும் ஒரு விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள் என்பது போல.

நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். இட்லியைச் சாம்பாரில் பிசைந்துகொண்டே இருந்தேன். எழுந்து, "அது எங்க அத்த" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். கம்பெனியில் என் டிஜே பேர் யாருக்கும் தெரியாது. சொன்னால் நான்தான் அந்த டிஜே என்பதும், அவள் என் ரத்தம் என்பதும் ஒரே மூச்சில் வெளியே வரும். அந்தப் பயத்தில் இட்லியைத் தின்று முடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அப்புறமும் மூன்று வாரம் கழித்துத்தான் சிநேகிதனிடம் எடுத்துவிடச் சொன்னேன். அவன் எடுத்தான். அதற்குள் அது யார் யார் கையிலோ போய்விட்டது. நான் எதற்காக மூன்று வாரம் பொறுத்தேன் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம், அந்த வீடியோவைப் பார்த்துக் கூப்பிட்ட ஒரு பெரிய விசேஷம் இருந்தது. அது முடியட்டும் என்று பொறுத்தேன். அத்தையின் பெண் குடியிருக்கும் தெரு வழியாகத்தான் அங்கே போனேன்.

அடுத்த ஆடி வந்தது. அத்தை காப்புக் கட்டவில்லை. கோயில் ஆட்கள் போய்க் கேட்டதற்கு, "எனக்கு ஷிப்டு கீதுப்பா, வேற யாரையாச்சும் பாருங்க" என்றாளாம். நானும் ஸ்பீக்கர் ரிப்பேர் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். பம்பைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். குளக்கரையில் அடிக்க ஆரம்பித்தபோது, அத்தை வருவதை நான் பார்த்தேன். ஷிப்ட் எதுவும் இல்லை. சாதாரண நைலக்ஸ் புடவை, கட்டிய கொண்டை, கடைசி வரிசைப் பெண்களுக்குப் பின்னால் வந்து நின்றாள். பம்பை ஏறியது. முன்னால் இருந்தவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகத் திரும்பினார்கள். முதலில் ஒரு போன் அவள் பக்கம் உயர்ந்தது. அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. அவள் இரண்டு கையாலும் பக்கத்தில் இருந்த முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டாள். தோள் நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மரத்தை விட்டுவிட்டு வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தாள். பூசாரி ரொம்ப நேரம் காத்திருந்தார். யார் மேலும் வரவில்லை. கடைசியில் சூடம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உத்தரவில்லாமலே கரகத்தைத் தூக்கினார்.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா நைனா. கூழு குடிச்சியா?"

"இல்ல அத்த."

"நானும் போவல. கூட்டமா கீது."

எதிரே உட்கார்ந்தேன். என்ன சொல்ல வந்தேனோ அது வரவில்லை. வந்தது இதுதான்: "அத்த, அந்த வீடியோ, அவன்தான் என்னைக் கேக்காம..."

"உடு," என்றாள். "பாத்துட்டேன். கம்பெனி பஸ்ல ஒரு பொண்ணு காட்டுச்சு. திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னேன். பாவம், அந்தப் பொண்ணு அழுவுது, நான் பாத்துக்கினே கீறேன். சிரிக்கறவங்க சிரிச்சுக்கினு போறாங்க, அதுல எனக்குப் பேஜாரு இல்ல. ஆத்தா வந்தா நான் எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாது இல்ல? இத்தினி வருஷமா மத்தவங்க சொல்லித்தான் தெரியும். அதான் பாத்தேன்."

ஒரு காம்பை உருவிப் போட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ நிறுத்துன, நான் நின்னேன். நீ போட்ட, நான் ஆடுனேன். மூணு தபாவும் அப்படித்தான். இருபத்தாறு வருஷம் எத்தினி பேருக்கு வாக்கு சொல்லிக்கீறேன். புள்ள பொழைக்கும்னு சொல்லிக்கீறேனாம். ஊட்ட விக்காதன்னு சொல்லிக்கீறேனாம். நம்பிக்கினு போனாங்க. காலைல மரத்தப் புடிச்சுக்கினு நிக்கறப்பவும் எனக்கு வந்துச்சு. எது வருதுன்னு தெரியாம எப்படி உடறதுன்னு புடிச்சு நிறுத்திட்டேன். நீ படிச்சவன், மிஷினெல்லாம் தெரிஞ்சவன். சொல்லு. அன்னிக்கி எம்மேல வந்தது ஆத்தாவா, உன் பாட்டா?"

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. தாளம் உடம்பை என்ன செய்யும் என்று நான் படித்திருக்கிறேன். அந்த ரிசார்ட்டில் கண்ணை மூடி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்பைக்காரர் கைவைத்தாலும் இதே உடம்பு இதே மாதிரிதான் எழும் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இதில் எதுவும் வேண்டாம். இரண்டில் ஒன்று வேண்டும்.

"ஆத்தாதான் அத்த," என்றேன்.

கீரையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"ஆத்தான்னு தெரிஞ்சுமா நீ சிரிச்ச?"

அவள் நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று ஆசையோடு காத்திருந்த மாதிரிகூட இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப பாட்டுதான்," என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.